பட்டாளத்துக்காரரின் பஞ்சப்படி

2025 அக்டோபர் 1. ஆயுத பூஜை. பொரி, கடலை படைத்து, சூடம் காட்டி முடித்த கையோடு சித்தி டி.வி.யைப் போட்டார். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு 3 சதவீத உயர்வு, ஜூலை மாதத்திலிருந்தே கணக்கு என்று திரையின் அடியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா ராணுவத்தில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகு குடும்ப ஓய்வூதியம் சித்தி பெயருக்கு வருகிறது.

"பஞ்சப்படி ஏறிடுச்சாமேப்பா. எனக்கு எவ்ளோ கூட வரும்?"

"அடிப்படை 12 ஆயிரம்தானே சித்தி? நூத்துக்கு மூணுன்னா மாசம் 360 ரூபா."

"மூணு மாச அரியரு?"

"ஆயிரத்து எண்பது."

சித்தி தலையாட்டினார். பூஜைத் தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பா. சர்க்கரைக்கு ஒன்று, ரத்தக்கொதிப்புக்கு ஒன்று, மூட்டுவலிக்கு ஒன்று. "மாத்திரை விலை ஏறினதுக்குச் சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சித்தி பொருளாதாரம் படித்தவர் இல்லை. ஆனால், டெல்லியில் அமைச்சரவை கூடி எடுத்த முடிவை ஒரே வரியில் சரியாக எடை போட்டுவிட்டார். ஏற்கெனவே ஏறிவிட்ட விலையை அவருடைய ஓய்வூதியம் சில மாதம் பிந்தி எட்டிப் பிடித்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாயும் அதில் இல்லை. இதைத்தான் ஒவ்வொரு ஆண்டும் 'தீபாவளிப் பரிசு' என்று செய்தியில் போடுகிறார்கள். அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாட்டுக்காக நின்ற ஒருவருக்கு, தருவதாகச் சொன்ன தொகையின் மதிப்பு குறையாமல் பார்த்துக்கொள்வதை எப்படிப் பரிசு என்று சொல்ல முடியும்?

தமிழில் இதற்கு இரண்டு பெயர்கள். மக்கள் வாயில் பஞ்சப்படி. அரசாணையில் அகவிலைப்படி. அகவிலை என்றால் தானிய விலை. பொருத்தமான பெயர்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி, கோதுமை விலை தாறுமாறாக ஏறியபோது, சம்பளக்காரர்கள் வயிற்றைக் கழுவுவதற்காகத் தொடங்கிய தனிப் படிதான் இது. போர் முடிந்தது, விலை இறங்கவில்லை, படியும் நிலைத்துவிட்டது. பணியில் இருப்பவர்களுக்கு அது அகவிலைப்படி. ஓய்வு பெற்றவர்களுக்கு வரும்போது மட்டும் 'அகவிலை நிவாரணம்' என்று பெயர் மாறிவிடுகிறது. நிவாரணம் என்பது வெள்ளத்துக்கும் புயலுக்கும் கொடுப்பது. முன்னாள் படைவீரர் அகதி அல்ல.

ஓய்வூதியம் கொடையா, உரிமையா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 1982-லேயே தீர்த்து வைத்தது. பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972-ல் ஓய்வு பெற்ற டி.எஸ்.நகரா தொடுத்த வழக்கு அது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த ஆண்டு டிசம்பர் 17 அன்று தீர்ப்புச் சொன்னது. ஓய்வூதியம் அரசின் தயவில் கிடைக்கும் கொடை இல்லை. உழைத்த காலத்துக்கான, பின்னால் கைக்கு வரும் உரிமை என்பது அதன் சாரம். இன்றும் டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் நாளாக நாடு முழுக்கக் கொண்டாடுகிறார்கள். ஓய்வூதியம் உரிமை என்றால், அதன் மதிப்பைக் காக்கும் பஞ்சப்படியும் உரிமைதான்.

37 வயதில் தொடங்கும் முதுமைக் கணக்கு

மற்ற அரசு ஊழியரைவிடப் பட்டாளத்துக்காரருக்கு இந்தப் படி ஏன் பல மடங்கு முக்கியம்?

மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் 35 முதல் 40 வயதுக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். படை எப்போதும் இளமையாக இருக்க வேண்டும் என்பதற்காக நாடே போட்ட ஏற்பாடு அது. அவர் கேட்டு வாங்கியது இல்லை. வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். வீட்டுக் கடன், தங்கை கல்யாணம், பெற்றோர் வைத்தியம் எல்லாம் இனிமேல்தான்.

ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 வயதில் 10 ஆயிரம் ரூபாய் ஓய்வூதியத்துடன் வரும் ஒருவருக்குப் பஞ்சப்படியே கிடையாது என்றால், 80 வயதில் அந்தப் பத்தாயிரம் இன்றைய மதிப்பில் 3,100 ரூபாய்க்குத்தான் பெறும். அதுவே 37 வயதில் வரும் சிப்பாய்க்கு? 80 வயதைத் தொடும்போது 43 ஆண்டுகள் ஓடியிருக்கும். பத்தாயிரத்தின் மதிப்பு சுமார் 815 ரூபாய். பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் கீழே. கூட்டு வட்டி கடன்காரனை விழுங்குவதுபோல, கூட்டு விலையேற்றம் ஓய்வூதியரை விழுங்கும். சிப்பாயை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு காலம் விழுங்கும்.

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே பலரும் சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார், அல்லது இருந்திருப்பார். அப்படிப்பட்ட ஊர்களில் மளிகைக் கடை, பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம் எல்லாம் மாதக் கடைசியில் வந்து விழும் ஓய்வூதியத்தை நம்பித்தான் சுழல்கின்றன. அங்கே பஞ்சப்படி என்பது ஊர்ப் பொருளாதாரம்.

சிம்லாவில் போடும் கணக்கு

இந்தச் சதவீதத்தை யார் முடிவு செய்கிறார்கள்? அமைச்சரவை அறிவிக்கிறது என்றாலும் எண்ணைத் தருவது தொழிலாளர் பணியகம். சிம்லாவிலும் சண்டிகரிலும் அதற்கு அலுவலகங்கள் உண்டு. சென்னை, கோவை, மதுரை, சேலம், குன்னூர் உட்பட நாடு முழுக்க 88 தொழில் மையங்களில், 317 சந்தைகளில் விலை விசாரித்து, தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணை மாதாமாதம் வெளியிடுகிறார்கள். 12 மாதச் சராசரியை எடுத்து, ஏழாவது ஊதியக் குழு தொடங்கியபோது இருந்த 261.42 என்ற எண்ணோடு ஒப்பிட்டு, எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். (இப்போதைய குறியீடு 2016-ஐ அடிப்படையாகக் கொண்டது, அதனால் பழைய எண்ணோடு ஒப்பிட 2.88-ஆல் பெருக்க வேண்டும்.) ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் உயர்வு. ஜனவரி உயர்வு பெரும்பாலும் மார்ச்சில் அறிவிப்பாகும். ஜூலை உயர்வு தீபாவளியை ஒட்டி வரும்.

இதில் ஒரு சின்ன விஷயம். புள்ளிக்குப் பின்னால் வருவதை அப்படியே வெட்டிவிடுவார்கள். 2024 டிசம்பர் வரையிலான 12 மாதச் சராசரியைப் போட்டுப் பார்த்தால் 55.98 சதவீதம் வருகிறது. 2025 ஜனவரியிலிருந்து கொடுத்தது 55. வெட்டிய பகுதி நிரந்தரமாகப் போய்விடுவதில்லை, அடுத்த கணக்கில் வந்து சேர்ந்துவிடும். ஆனாலும் அந்த ஆறு மாதம் நூற்றில் கிட்டத்தட்ட ஒரு ரூபாய் குறைவாகத்தான் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குப் போனது. கடைக்காரர் நமக்கு அப்படிச் சில்லறையைத் தள்ளிவிடுவதில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி, அந்தக் கூடையில் யாருடைய சாமான் இருக்கிறது என்பது. குறியீடு அளப்பது ஆலை, சுரங்கம், தோட்டம், ரயில்வே, துறைமுகம் போன்ற இடங்களில் வேலை செய்யும் தொழிலாளர் குடும்பத்தின் செலவு. 2001 வரிசையில் உணவுக்கு இருந்த எடை சுமார் 46 சதவீதம். 2016 வரிசையில் அது சுமார் 39 ஆகக் குறைந்திருக்கிறது. உழைக்கும் வயதுக் குடும்பங்களின் செலவு அப்படி மாறியிருக்கலாம். ஆனால், 70 வயது முன்னாள் ஹவில்தார் வீட்டுச் செலவில் அரிசி, பருப்பு, காய்கறி, மருந்து போக என்ன மிஞ்சும்? அவர் புது பைக் வாங்கப் போவதில்லை. அவருடைய வீட்டு விலைவாசி வேறு. அவருக்கு அளக்கும் விலைவாசி வேறு. முதியவர்களுக்கென்று ஒரு தனிக் குறியீடு இந்தியாவில் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நம் ஏற்பாட்டில் நல்லதும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை 'கமுட்டேஷன்' என்று முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டவருக்கும், குறைக்காத முழு அடிப்படைத் தொகைக்கே பஞ்சப்படி கணக்கிடுகிறார்கள். 80 வயது தாண்டினால் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் 100 சதவீதம் என்று கூடுதல் ஓய்வூதியம் உண்டு. அதற்கும் பஞ்சப்படி சேரும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதியம் ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே விலைவாசியோடு உயர்கிறது. 2022-ன் கடும் விலையேற்றத்துக்குப் பிறகு அங்கே 8.7 சதவீதம் ஏற்றினார்கள். அதே சூத்திரப்படி 2009, 2010, 2015 ஆண்டுகளில் ஒரு டாலர்கூட ஏறவில்லை. இரண்டு முறை என்ற நம் வழக்கம் அதைவிட மேலானது. அரசு அதை மதித்து நடக்கும்வரை.

நின்றுபோன 18 மாதம்

அரசு அதை மதிக்காத காலம் ஒன்று வந்தது. 2020 மார்ச் 13 அன்று மத்திய அமைச்சரவை 4 சதவீத உயர்வுக்கு ஒப்புதல் கொடுத்தது. 17 சதவீதம் 21 ஆகியிருக்க வேண்டும். பன்னிரண்டு நாளில் ஊரடங்கு. ஏப்ரல் 23 அன்று நிதியமைச்சகம் ஓர் ஆணை போட்டது. அந்த 4 சதவீதமும், அடுத்து 2020 ஜூலையிலும் 2021 ஜனவரியிலும் வரவேண்டிய உயர்வுகளும் நிறுத்திவைக்கப்பட்டன. பணியில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், விதவைகள், எல்லோருக்கும்.

2021 ஜூலையில் மூன்று தவணைகளையும் சேர்த்து 28 சதவீதம் ஆக்கினார்கள். ஆனால் இடைப்பட்ட 18 மாதத்துக்கு நிலுவை கிடையாது என்று முடித்துவிட்டார்கள். அடிப்படை 10 ஆயிரம் உள்ள ஒரு ஓய்வூதியருக்கு என்ன போனது? முதல் ஆறு மாதம் மாதம் 400 ரூபாய். அடுத்த ஆறு மாதம் 700. கடைசி ஆறு மாதம் 1,100. மொத்தம் 13,200 ரூபாய். நாடு முழுக்கச் சேர்த்து அரசுக்கு மிச்சமானது 34,402 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே பதில் சொன்னார்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் அரசுக்கு வருமானம் இல்லை, உண்மை. எல்லோரும் தியாகம் செய்தார்கள், அதுவும் உண்மை. ஆனால், அந்த 18 மாதத்தில் மருந்துக்கும் எண்ணெய்க்கும் விலையை யாரும் நிறுத்திவைக்கவில்லை. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் 20 வீரர்கள் உயிர் கொடுத்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தின் ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். நாடே எழுந்து நின்று வணங்கிய அதே மாதத்தில், அவர்களுக்கு முன் அதே எல்லையில் நின்றுவிட்டு வந்தவர்களின் பஞ்சப்படி 17 சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தது. தள்ளிவைத்தது நெருக்கடியால் என்றால் ஏற்கலாம். நெருக்கடி தீர்ந்த பிறகும் கொடுக்காமல் விட்டதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை. வாராக்கடன்களைத் தள்ளுபடி செய்ய முடிந்த ஒரு நாட்டில், முதியவர்களுக்குப் பட்ட கடனைத் தவணையிலாவது தீர்த்திருக்கலாம்.

ஒரே சந்தை, வேறு வேறு ரூபாய்

சித்திக்கு 360 ரூபாய். அரசு விதிப்படி குறைந்தபட்ச ஓய்வூதியம் 9 ஆயிரம்; அதை வாங்குபவருக்கு அந்த அக்டோபர் உயர்வு 270 ரூபாய். ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்றவருக்கு அடிப்படை ஓய்வூதியம் 1,25,000. அவருக்கு 3,750 ரூபாய். தளபதி அந்தத் தொகைக்கு உரியவர். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் சந்தையில் துவரம் பருப்பு இருவருக்கும் ஒரே விலைதான். 2025 ஏப்ரலில் சமையல் சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறியபோது, இருவர் வீட்டுக்கும் அதே 50 ரூபாய்தான் ஏறியது. 270 ரூபாயில் ஐம்பது போவதும் 3,750-ல் ஐம்பது போவதும் ஒன்றா?

'எல்லோருக்கும் ஒரே சதவீதம்' என்பது கேட்பதற்கு நீதியாகத் தோன்றும். முன்பு அப்படி இருக்கவில்லை. நான்காவது ஊதியக் குழுவின் காலத்தில், குறைந்த தொகை வாங்குபவருக்கு விலையேற்றம் நூற்றுக்கு நூறு ஈடு செய்யப்பட்டது. அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 75 சதவீதம். இன்னும் மேலே 65 சதவீதம். விலையேற்றம் யார் அடுப்பை முதலில் அணைக்கும் என்பது அந்தக் கணக்கைப் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஐந்தாவது ஊதியக் குழு எல்லோருக்கும் நூறு என்று ஆக்கியது. மேலே இருப்பவர்களைக் குறைக்க வேண்டாம். கீழே இருப்பவர்களுக்கு, 'ஒவ்வொரு உயர்விலும் இத்தனை ரூபாய்க்குக் குறையாது' என்று ஒரு தரையைப் போட்டால் போதும். அதற்குப் பெரிய தொகை ஆகாது.

அந்த 9 ஆயிரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலும் இதே கதைதான். 2006-ல் குறைந்தபட்சம் 3,500. 2016-ல் அதை 2.57-ஆல் பெருக்கினார்கள், 8,995 வந்தது, 9 ஆயிரமாக்கினார்கள். ஆனால் அதற்கு முன்பே பஞ்சப்படி 125 சதவீதம் ஆகியிருந்தது. அதாவது 2.57-ல் 2.25 ஏற்கெனவே கையில் இருந்த பணம். உண்மையான உயர்வு 14 சதவீதம் சொச்சம், அதுவும் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை. அந்த 9 ஆயிரத்தின் மேல்தான், 2025 ஜூலைக் கணக்கில் 55-லிருந்து 58 ஆன பஞ்சப்படி உட்கார்ந்தது: மொத்தம் 14,220 ரூபாய்.

சதவீதத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அடித்தளத்தில் இருக்கும் இடைவெளியை அது பெரிதாக்கும். ஒரே ஹவில்தார் பதவி, ஒரே பணிக்காலம். ஒருவர் முன்னால் ஓய்வு பெற்றவர், இன்னொருவர் பத்து ஆண்டு பிந்தி. முதலாமவருக்கு அடிப்படை 18 ஆயிரம், இரண்டாமவருக்கு 20 ஆயிரம் என்று கொள்வோம். 58 சதவீதம் சேர்த்தால் இரண்டாயிரமாக இருந்த இடைவெளி 3,160 ஆகிறது. விலைவாசி ஏற ஏற மூத்தவர் இன்னும் பின்னால் போவார். பஞ்சப்படியால் இதைச் சரிசெய்ய முடியாது. 'ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்' என்ற கோரிக்கை பிறந்தது இந்த இடத்தில்தான்.

1973-ல் மூன்றாவது ஊதியக் குழு வருவதற்கு முன் ஜவான்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் ஓய்வூதியமாக இருந்தது, அதை 50 ஆக்கிவிட்டார்கள் என்று மூத்த வீரர்களின் அமைப்புகள் இன்றும் ஆதங்கத்தோடு சொல்லும். பகத்சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவைக் குழு இந்தக் கோரிக்கையை ஏற்று 2011-ல் பரிந்துரைத்தது. 2015 ஜூன் 15 அன்று ஜந்தர் மந்தரில் முன்னாள் வீரர்கள் பதக்கங்களை மார்பில் குத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். செப்டம்பர் 5 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் திட்டத்தை அறிவித்தார். 2014 ஜூலை 1 முதல் கணக்கு. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சமன் செய்யப்படும்.

ஐந்து ஆண்டு என்பதை எதிர்த்து வீரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஆண்டுதோறும் சமன் செய்யுங்கள், இடையில் மீண்டும் பள்ளம் விழுகிறது என்பது அவர்கள் வாதம். 2022 மார்ச் 16-ல் நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அரசின் கொள்கையில் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டது. நகரா வழக்கைத் தீர்த்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அவருடைய தந்தை ஒய்.வி.சந்திரசூட். மகனின் அமர்வு வீரர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. 2019 ஜூலையில் செய்திருக்க வேண்டிய சமன் கணக்கை உடனே செய்து, நிலுவையை மூன்று மாதத்தில் கொடுக்கச் சொன்னது.

மூன்று மாதம் ஒரு வருடமானது. 2023 மார்ச்சில் மூடி முத்திரையிட்ட உறையில் அரசு கொடுத்த குறிப்பைப் பிரித்துப் பார்க்கவே நீதிமன்றம் மறுத்தது. குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண்களுக்கும் வீரப் பதக்கம் பெற்றவர்களுக்கும் ஏப்ரல் 30-க்குள், 70 வயது தாண்டியவர்களுக்கு ஜூன் 30-க்குள் என்று நாள் குறித்துக் கொடுத்தது. பயனாளிகள் 25 லட்சத்துக்கு மேல். அடுத்த சமன் கணக்கு 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்கடுத்தது 2029. இன்று 78 வயதான ஒருவருக்கு 2029 எவ்வளவு தொலைவு என்று யோசித்துப் பாருங்கள்.

பஞ்சப்படியின் கை எட்டாத இடங்களும் உண்டு. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் சேராதவர்களுக்கு நிலையான மருத்துவப் படி மாதம் 1,000 ரூபாய். 2017 ஜூலையில் அதை நிர்ணயித்தபோது பஞ்சப்படி 5 சதவீதம். பஞ்சப்படி 58-ஐத் தொட்ட பிறகும் மருத்துவப் படி அதே ஆயிரம்தான். பெயரிலேயே 'நிலையான' என்று இருப்பதால் அது நிலையாக நிற்கிறதுபோலும். முதுமையில் வேகமாக ஏறும் செலவு மருத்துவம்தான். ஏறாத படியும் அதுதான்.

2004-க்குப் பிறகு மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் புதிய பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தபோது முப்படைகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற படைகளுக்கு அந்த விலக்கு இல்லை. ஒரே காட்டில், ஒரே எல்லையில், ஒரே துப்பாக்கியைப் பிடித்தாலும் ஓய்வுக்குப் பின் பஞ்சப்படி ஒருவருக்கு உண்டு, இன்னொருவருக்குச் சந்தை நிலவரம் என்ற நிலை அப்போது வந்தது. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடித்து வெளியேறும் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு மொத்தத் தொகை உண்டு, ஓய்வூதியம் கிடையாது. ஓய்வூதியம் இல்லை என்றால் பஞ்சப்படி என்ற பேச்சுக்கே இடமில்லை. பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்புவதைக் குலவழக்கமாக வைத்திருக்கும் வட ஆற்காட்டுக் கிராமங்களில் இந்த மாற்றம் என்ன செய்யும் என்று இப்போதே கவலைப்பட வேண்டும்.

நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது ஊதியக் குழு அமைந்திருக்கிறது. பரிந்துரை தர 18 மாத அவகாசம். அந்தக் குழு முன் வைக்க வேண்டியவை பெரிய பட்டியல் இல்லை. குறைந்தபட்ச ஓய்வூதியத்தை, பத்தாண்டுக்கு முந்தைய எண்ணைப் பெருக்காமல், ஒரு முதிய தம்பதியின் இன்றைய சாப்பாட்டையும் மருந்தையும் எண்ணிப் பார்த்து நிர்ணயிக்க வேண்டும். ஒவ்வொரு பஞ்சப்படி உயர்விலும் ரூபாயில் ஒரு தரை வேண்டும். மருத்துவப் படியை விலைவாசியோடு கட்ட வேண்டும். கூடுதல் ஓய்வூதியத்தை 80 வயதுவரை காத்திருக்க வைக்காமல் 65-லிருந்தே படிப்படியாகத் தரலாம் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2021-ல் சொன்னதை எடுத்துப் பார்க்க வேண்டும். 18 மாத நிலுவையை, குறைந்தது குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண்களுக்காவது, கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருக்கும் ஒன்றைச் செய்யலாம். முன்னாள் வீரர்களின் ஓய்வூதியம் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறை வழியாக வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலானவர்கள் நவம்பரில், உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். கொடுக்கத் தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். பஞ்சப்படியும் அதோடு நிற்கும். கைரேகை தேய்ந்துபோன, ஸ்மார்ட்போன் பழகாத, ஆங்கிலமும் இந்தியும் படிக்கத் தெரியாத வயதான பெண்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

உங்கள் தெருவில் பட்டாளத்துக்காரர் வீட்டம்மா ஒருவர் இருப்பார். இந்த வாரம் ஒரு முறை போய் அவருடைய ஓய்வூதியச் சீட்டைப் படித்துக் காட்டுங்கள். அடிப்படை எவ்வளவு, பஞ்சப்படி எத்தனை சதவீதம், 2024-ன் சமன் கணக்கு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரோடு கூடப் போங்கள்.